சிறுவர் ஆக்கும் விளையாட்டுக்களும் தரம் என்னும் தராசும்

குழந்தைகள் விளையாடுவதைக் கண்டு மகிழாத பெற்றோர் இலர். ஆயின், குழந்தைகள் தாமே விளையாட்டுக்களை ஆக்கி உலகத்தார் முன்னிலையில் வைக்குங் காலம் வந்துவிட்டது என்பதை நம்மவருட் பலர் இன்னும் ஆழ்ந்து சிந்தித்திலர். கணக்குப் பயிற்சி, சொற்புதிர், பூகோள வினாவிடை, விஞ்ஞானச் செய்கை முதலியவற்றை விளையாட்டு வடிவிலே ஆக்கி, இணையத்தளங்களின் வாயிலாக எண்ணிறந்த சிறுவர் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்கின்றனர். ஆக்குவோனுஞ் சிறுவன், ஆடுவோனுஞ் சிறுவன். இடையிலே பதிப்பாசிரியரும் இல்லை. பாடநூற் சபையும் இல்லை.

இந்நிலையில் ஒரு வினா எழுகின்றது. யார் வேண்டுமாயினும் எதனையும் ஆக்கி வெளியிடலாம் என்று விட்டுவிட்டால், பிழையுங் குப்பையும் மலிந்துவிடும். பின்னக் கணக்கைப் பிழையாகக் கற்பிக்கும் ஒரு விளையாட்டை நூறு பிள்ளைகள் ஆடினால், நூறு பிள்ளைகளும் அப்பிழையைக் கற்பர். மறுபுறம், தேர்ந்தவற்றை மாத்திரமே வெளியிடுவோம் என்று வாயிலிலே காவல் நிறுத்தினால், பத்து வயதுச் சிறுமியின் முதல் முயற்சி வாயிலோடு திரும்பிவிடும். அவள் இரண்டாம் முறை வருவாள் என்பது என்ன நிச்சயம்? தரத்தைக் காப்பதா, சுதந்திரத்தைக் காப்பதா? இரண்டையும் ஒருங்கே காத்தற்கு வழி உண்டா? இதனையே இங்கு ஆராய்வோம்.

அடைத்த வாயிலும் திறந்த வாயிலும்

இவ்வினா சிறுவர் உலகத்துக்கு மாத்திரம் உரியதன்று. பெரியோரும் இதனோடு போராடியிருக்கின்றனர். இரு வரலாறுகளை நோக்குதல் நன்று.

முதலாவது, அமெரிக்காவிலே வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் விளையாட்டுக்களின் கதை. 1980ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் அற்றாரி என்னுங் கம்பனியின் பொறிக்கு யார் யாரோ விளையாட்டுக்களை ஆக்கி விற்கத் தலைப்பட்டனர். அவசரமாக ஆக்கப்பட்ட மட்டமான சரக்குகள் கடைகளில் மலை போற் குவிந்தன. நல்லது எது, தீயது எது என்று அறிய மாட்டாத மக்கள் வாங்குவதையே நிறுத்திவிட்டனர். 1983இல் ஏறத்தாழ 320 கோடி டொலராக இருந்த வியாபாரம், 1985 அளவில் ஏறக்குறைய 10 கோடி டொலராகச் சரிந்தது என்பர். அதன்பின் 1985இல் அங்கு புகுந்த யப்பானிய நிறுவனமாகிய நின்ரெண்டோ, இதற்கு நேர்மாறான வழியைக் கைக்கொண்டது. தன் அனுமதியின்றி விளையாட்டுக்கள் இயங்காதவாறு பொறியினுள்ளே ஒரு பூட்டை அமைத்தது. அனுமதி பெற்ற கம்பனியும் ஆண்டொன்றுக்கு ஐந்து விளையாட்டுக்களே வெளியிடலாம் என்று வரையறுத்தது. பெட்டியின்மீது தர முத்திரையையும் பதித்தது. வியாபாரம் மீண்டும் எழுந்தது. ஆனால், அப்பொறிக்கு விளையாட்டு ஆக்குதல் அனுமதி பெற்ற கம்பனிகளின் தொழிலாயிற்று; சாதாரண மாணவன் எட்டிப் பார்க்கவும் இயலாத அரண்மனையாயிற்று.

இரண்டாவது, கலைக்களஞ்சியத்தின் கதை. 2000ஆம் ஆண்டிலே நியூப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்று தொடங்கப்பெற்றது. கட்டுரைகளை அறிஞர் எழுத, வேறு அறிஞர் ஏழு படிகளிற் பரிசோதித்து வெளியிடுதல் அதன் முறை. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும், முதலாண்டிலே நிறைவு பெற்ற கட்டுரைகள் இருபதுக்குச் சற்று மேற்பட்டனவேயாம். அதன் துணையாக 2001 சனவரியில் யாவரும் எழுதலாம் என்று திறந்துவிடப்பட்ட விக்கிப்பீடியாவிலோ, முதலாண்டு முடிவில் கட்டுரைகள் 20 ஆயிரத்தை அண்மித்தன. 2003இல் நியூப்பீடியா மூடப்பட்டது.

முதற்கதை, காவலில்லாத வாயில் கேட்டுக்கு வழியாகும் என்கின்றது. இரண்டாங்கதை, மிகுந்த காவல் முளையிலே கிள்ளிவிடும் என்கின்றது. சிறுவர் ஆக்கும் விளையாட்டுக்களுக்கு இவற்றுள் எது பொருந்தும்? இரண்டும் முழுமையாகப் பொருந்தா. ஏனெனில், கடைச் சரக்கைப்போல இவை விலைக்கு விற்கப்படுவனவல்ல. கலைக்களஞ்சியக் கட்டுரையைப்போல வழிப்போக்கர் எவருந் திருத்துதற்கு உரியனவுமல்ல. சிறுவன் ஆக்கிய விளையாட்டு அவனுடையது. அதிலே பிறர் கை வைத்துத் திருத்திவிட்டால் அவனுடைய மனம் நொந்துபோகும். ஆகவே இங்கு வேறோர் உபாயம் வேண்டும்.

ஸ்கிறாச் என்னும் களம்

அவ்வுபாயத்தைத் தேடிப் பல ஆண்டுகள் முயன்ற இடங்களுள் ஒன்று, அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம். அங்கே பேராசிரியர் மிற்செல் ரெஸ்னிக் என்பவரின் குழுவினர் 2007ஆம் ஆண்டிலே ஸ்கிறாச் என்னுங் கணினி மொழியையும், அதனோடு ஓர் இணையத்தளத்தையும் வெளியிட்டனர். எட்டு வயது முதற் பதினாறு வயது வரையுள்ளோருக்கெனவே அது அமைக்கப்பட்டது. ‘நகர்’, ‘திரும்பு’, ‘வினவு’ என்றவாறான கட்டளைகள் வண்ணக் கட்டைகளாகத் திரையிலே தோன்றும். சிறுவர் அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்திக் கதை, சித்திரம், விளையாட்டு முதலியவற்றை ஆக்குவர். பொருந்தாத கட்டை பொருந்தாது. ஆதலால் எழுத்துப் பிழையால் வருந் தொல்லை இல்லை. 2023 அளவில் அத்தளத்திலே பதிவு செய்துகொண்டோர் தொகை 10 கோடியைத் தாண்டிற்று.

ரெஸ்னிக்கின் ஆசிரியர் நிலையில் இருந்தவர் சீமோர் பப்பேட். தென்னாபிரிக்காவிற் பிறந்து, செனீவாவிலே உளவியலறிஞர் பியாசேயுடன் பணியாற்றியவர். 1967இலே வேறு இருவருடன் சேர்ந்து சிறுவருக்கான லோகோ என்னுங் கணினி மொழியை ஆக்கியவர். பிழையைப்பற்றி அவர் கொண்டிருந்த கருத்து ஆசிரியர் யாவரும் அறியத்தக்கது. பள்ளிக்கூடத்திலே விடை சரியா பிழையா என்றே நோக்குகின்றோம். பிழையாயின் சிவப்புக் கோடிட்டு அப்பாற் செல்கின்றோம். கணினிக்குக் கட்டளை எழுதுவோன் அவ்வாறு நோக்குவதில்லை. முதன்முறை எழுதியது பெரும்பாலுஞ் சரியாக இயங்குவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். பிழை எங்கே, அதனைத் திருத்துவது எங்ஙனம் என்பதே அவனுடைய வினா. பிழையே அங்குக் கல்வியின் கருவியாகின்றது.

இக்கொள்கையின் வழிவந்தமையால், ஸ்கிறாச் தளம் திறமைக் குறைவு காரணமாக எவருடைய ஆக்கத்தையுந் தடுப்பதில்லை. பூனையொன்று இங்குமங்கும் ஓடுவதைத் தவிர வேறொன்றுமில்லாத முதல் முயற்சியும் அங்கே இடம்பெறும். தேர்ந்த மாணவன் மாதக்கணக்காக உழைத்து ஆக்கிய விளையாட்டும் இடம்பெறும்.

கொப்பியும் பாடநூலும்

ஈண்டு ஓர் உண்மையைத் தெளிவாக உணர்தல் வேண்டும். சிறுவன் ஆக்கும் கல்வி விளையாட்டு ஒரே வேளையில் இரு பொருள்களாக நிற்கின்றது. ஆக்கியவனுக்கு அஃது அப்பியாசக் கொப்பி. ஆடுபவனுக்கோ அது பாடநூல். தரத்தைப்பற்றியுஞ் சுதந்திரத்தைப்பற்றியும் எழும் பூசல்களுட் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதனால் விளைவன.

அப்பியாசக் கொப்பியிலே அடித்தல் திருத்தல் இருத்தல் இயல்பு. அடித்தல் திருத்தல் இல்லாத கொப்பி, பிள்ளை தானே எழுதாத கொப்பியாகவும் இருத்தல் கூடும். அங்கே சுதந்திரமே உயிர். பாடநூலிலோ ஒரு பிழையுங் குற்றமாகும். அங்கே உண்மையே உயிர். கொப்பிக்குப் பாடநூலின் கண்டிப்பை விதித்தால் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிடும். பாடநூலுக்குக் கொப்பியின் சலுகையை அளித்தால், படிக்கும் பிள்ளை கெட்டுப்போகும்.

ஆகவே கண்டிப்பை எங்கே வைப்பது என்பதே வினா. ஆக்கும் இடத்திலன்று, எடுத்துக்காட்டும் இடத்திலே வைத்தல் வேண்டும். ஸ்கிறாச் தளத்திலே யார் ஆக்கியதும் வெளியாகும். ஆனால், முகப்புப் பக்கத்திலே தனிச்சிறப்போடு வைக்கப்படுவன தளத்தினர் தேர்ந்தெடுத்தவை. உறுப்பினராகிய சிறுவர் ஒருவரே தாம் விரும்பிய ஆக்கங்களைத் தேர்ந்து முகப்பிலே வைக்கும் ஏற்பாட்டையும் அவர்கள் செய்திருந்தனர். தேர்ந்தெடுத்தலும் ஒரு கல்வியன்றோ? இது நல்லது, இது அத்துணை நன்றன்று என்று சொல்வதற்கு முன் அவன் நூறு ஆக்கங்களைப் பார்த்துச் சீர்தூக்க வேண்டியிருக்கும். மேலும், ஒரு பொருள்பற்றிய ஆக்கங்களை ஒருங்கே திரட்டி வைக்கும் அறைகளும் அங்கு உண்டு. கணித ஆசிரியர் ஒருவர் பிழையற்ற பின்ன விளையாட்டுக்களை மட்டும் ஓர் அறையிலே சேர்த்துத் தம் மாணாக்கருக்குக் காட்டலாம். கொப்பிகள் யாவும் கொப்பிகளாகவே இருக்க, அவற்றுள் தக்கன மாத்திரம் பாடநூல் என்னும் பதவிக்கு உயர்கின்றன.

தரம் என்பது யாது?

அங்ஙனம் உயர்த்துங்கால், எதனைத் தரம் என்று கொள்வது? வண்ணமும் ஓசையும் மிகுந்திருத்தலைத் தரம் என்று எண்ணுவோர் பலர். பலர் ஆடினர், பலர் விரும்பினர் என்பதைத் தரம் என்று கொள்வோரும் உளர். இரண்டும் பொருந்தா. கூட்டம் மிகுந்த கடையிலே உணவு நன்றாக இருத்தலும் உண்டு. விளம்பரம் நன்றாக இருத்தலும் உண்டு.

கல்வி விளையாட்டின் தரத்தை விளக்குதற்குப் பழையதோர் உதாரணம் உண்டு. 1970களில் அமெரிக்காவின் இலினோய்ப் பல்கலைக்கழகத்துப் பிளேற்றோ என்னுங் கணினி அமைப்பிலே, பின்னங்களைக் கற்பித்தற்கு அம்பெறியும் விளையாட்டொன்று ஆக்கப்பட்டது. திரையிலே ஓர் எண்கோடு; அதன்மீது அங்குமிங்கும் பலூன்கள். பலூன் நிற்கும் இடத்தின் எண்ணை மாணவன் ஊகித்து எழுதினால், ஓர் அம்பு அவ்விடத்திற் சென்று பாயும். சரியாயிற் பலூன் உடையும். பிழையாயின், அம்பு தான் பாய்ந்த இடத்திலேயே நிற்கும். அதனைக் கண்ட மாணவன், தான் எழுதிய எண் எங்கே இருக்கின்றது, வேண்டிய எண் எங்கே இருக்கின்றது என்பதைக் கண்ணாலே காண்கின்றான். ‘பிழை’ என்று எவருஞ் சொல்லவில்லை. பிழையின் அளவு தானே தெரிகின்றது.

இதனோடு வேறொரு வகையை ஒப்பிட்டுப் பாருங்கள். ‘ஏழெட்டு எத்தனை?’ என்று கேட்டு, விடை சரியாயின் அரக்கனைச் சுடவும், பிழையாயின் மணியடிக்கவுஞ் செய்யும் விளையாட்டுக்கள் எண்ணிறந்தன. அங்கே கணக்குக்கும் அரக்கனுக்கும் யாதொரு தொடர்புமில்லை. கசப்பு மருந்தின்மேற் பூசிய சர்க்கரை போன்றது அவ்விளையாட்டு. பிள்ளை சர்க்கரையை நக்கிவிட்டு மருந்தை உமிழ்ந்துவிடும். தோமஸ் மலோன் என்னும் ஆராய்ச்சியாளர் 1980ஐ அடுத்த ஆண்டுகளில் இவ்வேறுபாட்டை நன்கு எடுத்துக்காட்டினார். ஆட்டத்தின் கற்பனை பாடத்தினுள்ளே பின்னிக்கிடப்பது ஒரு வகை. எந்தப் பாடத்தின்மேலும் ஒட்டிவிடக் கூடியது மற்றொரு வகை.

ஆகவே தரத்தை அறிதற்கு மூன்று வினாக்கள் போதும். இதிலுள்ள செய்தி உண்மையா? ஆட்டமும் பாடமும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளனவா? பிழைவிட்ட பிள்ளைக்கு இவ்விளையாட்டு ஏதாவது கற்பிக்கின்றதா? இவற்றுள் முதலாவதற்குச் சலுகை இல்லை. ஏனைய இரண்டும் படிப்படியாகக் கைவருவன.

முதல்நூலும் வழிநூலும்

ஸ்கிறாச் தளத்திலே எழுந்த பெரும் பூசல் ஒன்று நம் தமிழிலக்கணத்தை நினைவூட்டுகின்றது. அங்கே எந்த ஆக்கத்தையும் ‘உள்ளே’ திறந்து பார்க்கலாம். அதனைப் படியெடுத்து, மாற்றி, புதியதாக வெளியிடலாம். ஆக்கியோன் பெயரைக் கூறல் வேண்டும், மாற்றியதையும் அவ்வாறே பிறருக்குத் திறந்து வைத்தல் வேண்டும் என்பன நிபந்தனைகள். ஆனால், தம் ஆக்கத்தைப் பிறர் எடுத்து மாற்றியதைக் கண்ட சிறுவர் சிலர், ‘களவு! களவு!’ என்று முறையிட்டனர்.

தளத்தினர் மாற்றியாக்குதலைத் தடைசெய்யவில்லை. மாற்றியாக்கிய ஒவ்வொன்றின் கீழும் மூல ஆக்கத்தின் பெயரும் ஆக்கியோன் பெயருந் தாமே தோன்றுமாறு செய்தனர். ஆயினும் பூசல் முற்றாகத் தணியவில்லை. அத்தளத்தை அமைத்த அந்திரேஸ் மொன்ரோய் எர்னாந்தேசும் பிறரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தைக் காட்டிற்று. பொறி தானாக எழுதும் பெயரைச் சிறுவர் பெரிதாக மதிப்பதில்லை. மாற்றியவனே தன் கையால் ‘இது இன்னாருடைய ஆக்கத்திலிருந்து வந்தது, அவருக்கு நன்றி’ என்று எழுதும்போதே மனநிறைவு கொள்கின்றனர். நன்றி என்பது பொறியாற் செலுத்தக்கூடியதன்று. மனிதரே செலுத்த வேண்டியது.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். நன்னூலார் நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்தினார். முன்னோன் கருத்தோடு ஒத்து நின்று, பின்னோன் தான் வேண்டிய வேறுபாடுகளையுஞ் சேர்த்துச் செய்வது வழிநூல். அது களவு எனப்படவில்லை. ஆனால், சிறப்புப்பாயிரத்திலே ஆக்கியோன் பெயரோடு, நூல் வந்த வழியையுங் கூறல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. எடுத்தாளும் உரிமையும் எடுத்ததை ஒப்புக்கொள்ளும் கடமையும் ஒருங்கே வைக்கப்பட்டன. வான்மீகத்தின் வழிவந்ததனாற் கம்பராமாயணத்தின் பெருமை குன்றிற்றா?

எனினும், இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2013இல் வெளியான மற்றோர் ஆய்விலே, மொன்ரோய் எர்னாந்தேசும் பெஞ்சமின் மாக்கோ ஹில்லும் ஓர் இக்கட்டை எடுத்துக்காட்டினர். பெயர் பெற்றோரின் ஆக்கங்களும், முன்னரே பலரது கைபட்டு வந்த ஆக்கங்களும் மிகுதியாக மாற்றியாக்கப்படுகின்றன; ஆனால், அவ்வாறு எழுந்தவற்றிற் புதுமை குறைவாகவே காணப்படுகின்றது. நிறத்தை மாற்றி, பாட்டை மாற்றி, ‘என்னுடையது’ என்று சொல்லும் நிலை அது. சிறந்த மாதிரியை முகப்பிலே வைத்தால், எல்லாரும் அம்மாதிரியையே பார்த்து வரைவர் என்னும் ஆபத்து உண்டு. ஆகவே, எடுத்துக்காட்டுவோர் ஒரே வகையானவற்றை எடுத்துக்காட்டலாகாது. சிறியதும் பெரியதும், எளியதும் அரியதும், கணக்குங் கதையும் ஆகப் பலவற்றையும் வைத்தல் வேண்டும்.

கண்டிப்பு எங்கே?

சுதந்திரம் என்பது யாதொரு வரம்புமின்மை அன்று. மூன்றிடங்களிற் கண்டிப்பு வேண்டும். பிறரை இழிவுபடுத்தலும் சிறுவருக்கு ஒவ்வாதவற்றைக் காட்டலும் தடுக்கப்படல் வேண்டும். சிறுவர் தம் முகவரி, தொலைபேசி இலக்கம் முதலியவற்றை வெளியிடாதிருத்தல் வேண்டும். பிறர் உழைப்பைத் தம்முடையதென்று சொல்லலாகாது. ஸ்கிறாச் தளத்தின் விதிகளும் பெரும்பாலும் இவைபற்றியனவே. தகாதது கண்டவர் முறையிடவும், பெரியோர் அதனை ஆராயவும் ஏற்பாடு உண்டு. புதிதாக வந்தோர்க்குச் சில வசதிகளைச் சிறிது காலம் நிறுத்தி வைத்து, அவர்கள் ஒழுகும் முறையைக் கண்டபின் அளிக்கும் வழக்கத்தையும் ஏற்படுத்தினர்.

இவ்விதிகள் யாவும் ஒழுக்கத்தையும் பாதுகாப்பையும் நோக்கியவை. திறமையை நோக்கியவை அல்ல. தீய நடத்தைக்குத் தண்டனை உண்டு; திறமைக் குறைவுக்குத் தண்டனை இல்லை. நம் வகுப்பறைகளிலே இவ்விரண்டையும் ஒரே பிரம்பால் அடித்த காலம் ஒன்று இருந்தது. அதனால் நாம் இழந்த கவிஞர் எத்துணையர், விஞ்ஞானிகள் எத்துணையர் என்று யார் கணக்கிட வல்லார்?

பெற்றோரும் ஆசிரியரும்

தளத்தை நடத்துவோர் எத்துணை விதி வகுப்பினும், பிள்ளையின் அருகிலிருப்போர் பெற்றோரும் ஆசிரியருமே. உங்கள் மகள் ஒரு விளையாட்டை ஆக்கிக் காட்டினால், ‘நன்று’ என்று ஒரு சொல்லோடு விடுதல் போதாது, ‘இதென்ன விளையாட்டு!’ என்று எள்ளுதல் தீது. அமர்ந்து ஆடிப் பாருங்கள். வேண்டுமென்றே பிழையான விடையை அளித்து, என்ன நிகழ்கின்றது என்று நோக்குங்கள். ‘பிழைவிட்ட தம்பிக்கு ஏன் பிழை என்று தெரியவில்லையே, அதற்கு என்ன செய்யலாம்?’ என்று கேளுங்கள். அவள் தானே திருத்துவாள். அத்திருத்தமே கல்வி.

ஆசிரியர்க்கும் ஒன்று சொல்லலாம். ஐந்தாம் வகுப்பு மாணவருக்காகப் பின்ன விளையாட்டொன்றை ஆக்குமாறு எட்டாம் வகுப்பு மாணவரிடம் கூறுங்கள். ஆக்கியபின் அச்சிறுவரையே அழைத்து ஆடச் செய்யுங்கள். எங்கே மயங்குகின்றனர், எங்கே சலிக்கின்றனர் என்பதை ஆக்கியோர் மௌனமாக இருந்து நோக்கட்டும். எந்தப் பரிசோதகரின் சிவப்பு மையும் கற்பிக்காததை, ஆடுஞ் சிறுவனின் முகக்குறிப்பு கற்பிக்கும். தன் கொப்பி மற்றொருவனுக்குப் பாடநூலாகின்றது என்று உணர்ந்த கணத்திலேயே, ஆக்குவோன் உள்ளத்தில் தரத்தைப்பற்றிய கவலை தானாகப் பிறக்கும். புறத்திலிருந்து விதிக்கப்படும் தரம் அச்சத்தால் நிற்பது. அகத்திலே பிறக்குந் தரமோ அன்பினால் நிற்பது.

தரமுஞ் சுதந்திரமும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல. நாற்றுமேடையிலே நெருக்கமாக விதைக்கின்றோம். வயலிலே தேர்ந்து நடுகின்றோம். விதைக்கும்போதே தேர்வு நடத்துவோனுக்கு நாற்று இல்லை. நடும்போதும் தேராதவனுக்கு விளைச்சல் இல்லை. நம் பிள்ளைகள் தாராளமாக விதைக்கட்டும். நாம் அருகிலிருந்து, தேர்ந்து நடும் வித்தையை அவர்களுக்குப் பழக்குவோம்.